கிராண்டில் யார் பெயர் இருக்கிறது?

போன மாதம் வேதாகமக் கல்லூரித் தோழி ஒருத்தி கூப்பிட்டாள். கல்யாணமாகி எட்டு மாதம். வருகிற ஜனவரியில் அவளையும் அவள் கணவரையும் கெடாவில் ஒரு தோட்டப்புறத்துச் சிறுநகரத்துக்கு அனுப்புகிறார்களாம். "அக்கா, சட்டி பானையெல்லாம் எவ்வளவு எடுத்துக்கிட்டுப் போகணும்?" என்று கேட்டாள். சட்டி பானை தானாக வந்து சேரும், அதை விடு என்று சொல்லிவிட்டு, வண்டி வாங்குவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகும் மனசு ஆறவில்லை. எங்களுக்கு முதல் வருடத்தில் போனது 10,148 வெள்ளி. கூடவே பதினேழு நாள் தூக்கமும் போனது. ஊழியத்துக்குப் புதிதாகப் போகிற இளம் தம்பதிகளுக்கு இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. எங்களுக்கும் கிடைக்கவில்லை. ஆனால் வண்டிக் கதையை மட்டும் சொன்னால் அந்த ஊரைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள். அந்த வருடம் நாங்கள் சிரித்த சிரிப்புக்கும் கணக்கில்லை. ஆகையால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

2023 ஜனவரி முதல் வாரம் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கினோம். எனக்குச் சொந்த ஊர் கிள்ளான், போதகரான என் கணவருக்குக் குளுவாங். சுங்கை சிப்புட், ஈப்போவுக்கு வடக்கே அரை மணி நேரப் பயணத்தில் இருக்கிற ஊர். துன் சம்பந்தன் பிறந்த ஊர், மகாத்மா காந்தி கலாசாலை இருக்கிற ஊர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேனே தவிர, அதற்கு முன் போனதில்லை. சபை சிறியது, அறுபது எழுபது பேர். பாதிப் பேர் டவுனில், மீதிப் பேர் லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டங்களில். பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தாத்தா பாட்டிகள் மட்டும் பழைய லயத்து வீடுகளிலேயே தங்கிவிட்டிருந்தார்கள். நாங்கள் முதன்முதலில் சந்திக்கப் போன தாத்தா ஜெபத்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசினார். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்டுக் கொன்றபோது அவருக்கு எட்டு வயதாம். நாடு முழுக்க அவசரகாலம் வந்தது அதற்குப் பிறகுதான் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அவர் அதை, அன்று அவருடைய அம்மா அடுப்பில் வைத்த கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்த கதையாகச் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு அந்த ஊர் பிடித்துப்போய்விட்டது.

போதகர் இல்லம் ஆலயத்துக்குப் பின்னாலேயே. அடுக்களை ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும். காலை ஆறேகாலுக்கு "பாஸ்டரம்மா!" என்று குரல் வரும். எழுபத்தைந்து வயதுப் பாட்டி, இருபத்தாறு வயதான என்னை அம்மா என்று கூப்பிடுவது ஆரம்பத்தில் கூச்சமாக இருந்தது. அவரை நாங்கள் வீட்டுக்குள் முருங்கைப் பாட்டி என்றுதான் சொல்வோம். வரும்போதெல்லாம் ஒரு கட்டு முருங்கைக்கீரை, அதன் மேல் ஒரு கிண்ணத்தில் ஏதாவது. முதல் வாரம் சர்டின் கறி கொண்டுவந்த கிண்ணத்தை நான் பளிச்சென்று கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "வெறுங் கிண்ணமாத் தரீங்களேம்மா, இனிமே வராதேன்னு அர்த்தமா?" என்றார். அடிவயிறு கலங்கிவிட்டது. உள்ளே ஓடி ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுத்த பிறகுதான் சிரித்தார். எங்கள் கிள்ளான் தாமானில் யாரும் இதையெல்லாம் எதிர்பார்ப்பதில்லை. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களில் இது இன்னும் இருக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் வீட்டில் சர்க்கரை, முட்டை, பிஸ்கட் இந்த மூன்றும் எப்போதும் இருக்கட்டும். வருகிற பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயரை எழுதிவிடுங்கள். ஒரு சமயம் எங்கள் வீட்டில் பதினான்கு கிண்ணங்கள் சேர்ந்து, எது யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க நானும் அவரும் லயம் லயமாக அலைந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இன்னொரு கிண்ணத்தில் எதையாவது போட்டுக் கொடுத்தார்கள். பதினான்கோடு போய்ப் பதினொன்றோடு திரும்பினோம்.

வீடு சந்திக்கிற நேரம் இன்னொரு பாடம். வந்த புதிதில் இவர் மத்தியானம் இரண்டு மணிக்கு மோட்டாரில் கிளம்பிப் போவார். வரிசையாக எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருக்கும். நாய்தான் வரவேற்கும். சபை மக்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லையோ என்று மூன்று வாரம் மனசுக்குள் வைத்துக் குமைந்தார். அப்புறம் செம்பனைக் குலை வெட்டுகிற அண்ணன் ஒருவர்தான் சொன்னார், விடியற்காலையில் வேலைக்கு இறங்கினவர்கள் மத்தியானம் குளித்துச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள், ஐந்து மணிக்கு மேல் வாங்க பாஸ்டர் என்று. அன்றிலிருந்து ஐந்தரைக்குப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் மைலோ. நான்காவது வீட்டில் இவரால் முடியாமல் போய், "பாதி டம்ளர் போதும்மா" என்று கேட்க, அந்த அம்மா பாதி டம்ளர் மைலோவும் அதை ஈடுகட்ட இரண்டு வடையும் வைத்தார்.

சரி, வண்டிக்கு வருகிறேன். எங்களிடம் இருந்தது ஒரு மோட்டார் மட்டும். தோட்டங்களில் இருந்த முதியவர்கள் பதினோரு பேருக்கு ஞாயிறு காலை ஆலயத்துக்கு வர வழியில்லை. யாராவது காடியில் இடம் இருந்தால் வருவார்கள், இல்லையென்றால் இல்லை. முருங்கைப் பாட்டி பேத்தியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து வருவார், மழை பெய்தால் அதுவும் நின்றுபோகும். இவர் வங்கியில் கேட்டுப் பார்த்தார். மாதம் 1,900 வெள்ளி சம்பளம், அதுவும் உறையில் ரொக்கமாக. சம்பளச் சீட்டு இல்லை, கேடபிள்யூஎஸ்பி என்கிற ஊழியர் சேமநிதிப் பதிவு இல்லை. வருமானம் இருக்கிறது என்பதற்குக் காட்ட எங்களிடம் ஒரு தாள்கூட இல்லை. கடன் கிடைக்கவில்லை. இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நியமனக் கடிதம் கையில் வாங்குகிற அன்றே சம்பளச் சீட்டும் சேமநிதியும் உண்டா என்று கேட்டுவிடுங்கள், சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். காசைப் பற்றிப் பேசினால் ஊழியக்காரர் மரியாதை குறைந்துவிடும் என்று நாங்கள் பயந்தோம். அந்தப் பயம்தான் எங்களை அடுத்த பள்ளத்தில் இறக்கியது.

மார்ச் மாதம், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் ஒருவர் வந்தார். நல்லவிதமாகப் பேசினார். ஏழு பேர் உட்காரும் வண்டி, பார்க்கப் புதுசு போல இருந்தது. சொந்தக்காரருக்கு மாதத் தவணை கட்ட முடியவில்லையாம். முன்பணம் 3,500 வெள்ளி கொடுத்துவிட்டு மாதம் 612 வெள்ளி கட்டிக்கொண்டு வந்தால் போதும், கடன் முடிந்ததும் பெயர் மாற்றிக்கொள்ளலாம் என்றார். இதைத்தான் நம் நாட்டில் சம்போங் பாயார் என்கிறார்கள். பெயர் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது பலருக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியவில்லை. எங்கள் கல்யாண மொய்ப் பணத்தில் மிச்சம் இருந்ததை எடுத்து 3,500 கொடுத்தோம். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். அதில் சொந்தக்காரரின் கையெழுத்தும் இருந்தது, ஆனால் ஆளை நாங்கள் பார்க்கவே இல்லை. மாதத் தவணையை வங்கியின் கடன் கணக்குக்கு நேராக அனுப்பாமல், அந்த இடைத்தரகர் கணக்குக்கு அனுப்பினோம். "நான் சேர்த்துக் கட்டிடுறேன் பாஸ்டர், உங்களுக்கு ஏன் அலைச்சல்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஆனால் அந்த ஒன்பது மாதம் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன். வண்டி வந்த அன்று பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்த அங்கிள் ஒருவர் எழுந்து வந்து எங்களை வாழ்த்தினார், அப்படியே வண்டியைச் சுற்றி வந்து எண்ணை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. நாலு நம்பர் லாட்டரிக்கு என்று இவர் காதில் சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் ஆலயத்துக்குள் ஓடிவிட்டேன். ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளம்பி இரண்டு நடையாக எல்லாரையும் ஏற்றி வருவார். முன் சீட்டுக்கு ஒவ்வொரு வாரமும் போட்டி. தலை சுற்றும் என்று முருங்கைப் பாட்டி சொல்வார், முட்டி மடங்காது என்று இன்னொருவர் சொல்வார். கடைசியில் வாரத்துக்கு ஒருவர் என்று நான் அட்டவணை எழுதி ஒட்டினேன். அட்டவணையை யாரும் மதிக்கவில்லை, யார் லயத்து முனையில் முதலில் நிற்கிறாரோ அவருக்கே முன் சீட்டு. ஐந்தரைக்கே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். டுரியான் காலத்தில் ஒரு தாத்தா சாக்கில் நான்கு பழத்தைப் பின்னால் வைத்துவிட்டு எங்களிடம் சொல்ல மறந்துபோனார், அன்று ஆராதனை முடிந்து வெயிலில் கதவைத் திறந்தபோது வந்த வாசனை ஆகஸ்டு முடியும்வரை போகவில்லை. பாட்டிக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டு. ஒரு நாள் ஏறும்போது முன் சீட்டின் முதுகைப் பிடித்தார், சுண்ணாம்பு விரல் நாலும் அப்படியே பதிந்துவிட்டன. ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தேன், சுண்ணாம்பு சீட்டுத் துணியின் இழைக்குள் இறங்கியிருந்தது. போகாமல் போனதும் ஒரு விதத்தில் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இடையில் நாலு டயர் மாற்றினோம், 880 வெள்ளி. பேட்டரி 260. நம்முடையது என்று நினைத்துத்தானே செலவு செய்வோம்.

டிசம்பர் 2, சனிக்கிழமை. ஆலய வளாகத்தில் இளைஞர்கள் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டாரில் வந்த ஒருவர் நிறுத்தி, எங்கள் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டு போனார். இன்னொரு நாலு நம்பர் ஆள் என்று பையன்கள் சிரித்தார்கள். இவருக்கு மட்டும் முகம் மாறியது. இரவு இடைத்தரகரைக் கூப்பிட்டார். "சும்மா இருக்கும் பாஸ்டர், பயப்படாதீங்க" என்றார். அடுத்த நாள் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. மூன்றாவது நாளிலிருந்து அந்த எண்ணே வேலை செய்யவில்லை. தாளில் இருந்த முகவரியைப் பிடித்து எங்கெங்கோ விசாரித்து, சொந்தக்காரரின் எண்ணைக் கண்டுபிடித்தோம். அவர் தைப்பிங் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். எடுத்ததும் எங்களைத் திட்டினார். ஆகஸ்டிலிருந்து தவணையே போகவில்லையாம். அவருக்கு வங்கியிலிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம். பேங்க் நெகாராவின் கடன் பதிவில் அவர் பெயர் கெட்டுப்போய், வீட்டுக் கடன் நின்றுபோயிருந்தது. நாங்கள் மாதா மாதம் அனுப்பின ரசீதுகளை எல்லாம் படம் எடுத்து அனுப்பினோம். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, "மன்னிச்சிருங்க பாஸ்டர்" என்று அழுதார். எங்கள் மூன்று பேர் பணத்தையும் ஒருவர் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்.

அந்தப் பதினேழு நாளும் சபையில் ஒருவரிடமும் நாங்கள் வாய் திறக்கவில்லை. அதுதான் நாங்கள் செய்த பெரிய தப்பு. பிரசங்க மேடையில் நின்று புத்திசாலித்தனமாக வாழச் சொல்கிறவர் ஏமாந்துபோனார் என்று தெரிந்தால் எப்படி முகம் காட்டுவது என்று இவர் கேட்டார். நானும் சரி என்றேன். ராத்திரி ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து ஜன்னலைப் பார்ப்போம். பகலில் கேரல் பயிற்சி, கேக் கலவை, சிரித்த முகம். ஒரு நாள் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது என் கை நடுங்குவதை முருங்கைப் பாட்டி பார்த்துவிட்டார். காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன். சாயங்காலம் மிளகு ரசத்தோடு வந்து நின்றார். அதைக் குடிக்கும்போது என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. காரம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

19-ஆம் தேதி, செவ்வாய், காலை ஏழே கால். இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், அடையாள அட்டையும் அனுமதிச் சீட்டும் காட்டினார்கள். அப்படிக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு, யார் வந்தாலும் கேளுங்கள். உள்ளே இருக்கிற சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எடுத்தோம். மூன்று குடை, ஒரு தம்புரின், பாட்டுப் புத்தகங்கள், யாருடையதோ ஒற்றைச் செருப்பு, ஒரு டின் அச்சு முறுக்கு. சீட்டின் முதுகில் அந்த நாலு வெள்ளை விரல்களைக் கடைசியாகத் தொட்டுப் பார்த்தேன். வண்டி திருப்பத்தில் மறைந்ததும் இவர் ஆலயப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்றே போலீசில் புகார் கொடுத்தோம், அடுத்த வாரம் ஈப்போவில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இது யாருக்கும் நடக்கலாம். வாடகைக் கொள்முதல் சட்டம் 1967-இன்படி, தவணை யார் பெயரில் இருக்கிறதோ அவரோடு மட்டும்தான் வங்கிக்குப் பேச்சு. கடன் தீரும்வரை வண்டியை வேறு ஒருவருக்கு விற்க அவருக்கே உரிமை கிடையாது. அதனால் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளைக் காட்டி வங்கியிடம் நாம் எதுவும் கேட்க முடியாது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், 21 நாள் அவகாசம் தந்து அறிவிப்பு அனுப்பிவிட்டு வங்கி வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அந்த அறிவிப்பும் பதிவு செய்த ஆளுக்குத்தான் போகும், ஓட்டிக்கொண்டிருக்கிற நமக்கு வராது. எடுத்த பிறகு விற்பதற்கு முன் இன்னொரு 21 நாள் உண்டு, அதற்குள் பாக்கியைக் கட்டி மீட்கலாம். மீட்டாலும் வண்டி அவர் பெயரில்தான் இருக்கும். எங்களிடம் மீட்கக் காசும் இல்லை. இன்னொன்று கேட்டபோதுதான் எனக்கு உடம்பு சில்லிட்டது. காப்புறுதியும் அந்த முன்பின் தெரியாத மனிதர் பெயரில்தான் இருந்தது. ஒன்பது மாதம் பதினோரு முதியவர்களை அதில் ஏற்றி இறக்கியிருக்கிறோம். ஏதாவது ஆகியிருந்தால் இழப்பீட்டுக்கு யாரிடம் போய் நின்றிருப்போம்? கர்த்தர் காத்தார் என்று நான் மனதாரச் சொல்கிறேன். ஆனால் உங்களில் யாரும் அப்படி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: முன்பணம் 3,500, ஒன்பது தவணை 5,508, டயர் பேட்டரி 1,140. ஒரு காசும் திரும்பி வரவில்லை.

வண்டி போன அன்று சாயங்காலம் இவர் நிர்வாகக் குழுவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். நான் அடுக்களையில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. பொருளாளர் ஐயா, தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் முதலில் பேசினார். "பாஸ்டர், எங்க வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் உங்ககிட்ட வந்து சொல்றோம். உங்க வீட்டுக் கஷ்டத்தை நாங்க கேட்கக் கூடாதா?" என்றார். அவருக்கும் இதே மாதிரி ஒன்று முன்பு நடந்திருக்கிறது. எத்தனை வீட்டில் இது சத்தமில்லாமல் நடந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் கேரல் தொடங்க வேண்டும். மூன்று இரவு, இருபத்து மூன்று வீடு, வண்டி இல்லை. யாரோ போய் மீன்கார அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் நம் சபை இல்லை, அவருடைய அம்மா மட்டும் எப்போதாவது வருவார். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆலய வாசலில் அவருடைய வேன் வந்து நின்றது. ஐஸ் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை கழுவினேன் என்றார். கீபோர்டு, ஸ்பீக்கர், சாப்பாட்டுப் பாத்திரம், கிறிஸ்மஸ் தாத்தா உடுப்பு எல்லாம் வேனில் ஏறின. ஆட்கள் மோட்டாரிலும் இரண்டு காடியிலும் பின்னால் வந்தார்கள். மூன்று தடவை கழுவியும் கெம்போங் மீன் வாசனை போகவில்லை. தாத்தா உடுப்பில் ஏறிக்கொண்டது. முதல் லயத்தில் இவர் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு இறங்கியதும், பிள்ளைகளுக்கு முன்னால் ஐந்து பூனைகள் ஓடி வந்தன. பாட்டு நின்றுபோய் எல்லாரும் சிரித்தோம். பதினேழு நாளாகச் சிரிக்காத இவர் வெள்ளைத் தாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு பேய்மழை. செம்மண் பாதையில் மோட்டார்கள் வழுக்கின, பெண்கள் இறங்கி நடந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் பீஹூன், முறுக்கு, ரோஸ் தண்ணீர். கேரலுக்குப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போங்கள், காலி டப்பாவும் எடுத்துக்கொண்டு போங்கள். "வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுறோம்மா" என்றால் யாரும் மனம் நோகமாட்டார்கள். பதினைந்தாவது வீட்டில்தான் எங்களுக்கு அந்த யோசனை வந்தது.

ஜனவரியில் குழு உட்கார்ந்து சில ஏற்பாடுகள் செய்தது. இவையெல்லாம் நாங்கள் வந்த முதல் வாரமே கேட்டிருக்க வேண்டியவை. சம்பளம் வங்கி வழியாக, சேமநிதியோடு. போதகர் இல்லத்து மின்கட்டணத்தில் ஆலயக் கூட்டங்களுக்கு ஆவது சபைக்கு. பெட்ரோலுக்கு மாதம் 250 வெள்ளி, அதற்குக் கணக்கு எழுத பொருளாளர் ஐயாவே ஒரு 555 நோட்டு வாங்கித் தந்தார். மளிகைக் கடையில் கடன் எழுதுவோமே, அதே குட்டி நோட்டு. தேதி, எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், அவ்வளவுதான். சபைக்குப் போன செலவு எது, எங்களுக்குப் போனது எது என்று ஒரு மாதத்திலேயே தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் திங்கட்கிழமை எங்களுக்கு ஓய்வு என்று அறிவித்தார்கள். முதல் திங்கள் காலை ஆறேகாலுக்கு முருங்கைப் பாட்டி வந்து, "இன்னிக்கு உங்களுக்கு ஓய்வு, அதனால நான் கூப்பிடலை" என்று ஜன்னலுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அன்று ஈப்போ போய்ச் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வந்தோம். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் இடம் அது.

2024 ஏப்ரலில் ஒரு பழைய கஞ்சில் காடி வாங்கினோம். 4,800 வெள்ளி, ரொக்கம், என் டியூஷன் காசும் சேர்ந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு படியையும் கேட்டுக் கேட்டுச் செய்தோம். முதலில் கிராண்டை, அதாவது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் தாளைப் பார்த்தோம், விற்கிறவர் பெயரும் அடையாள அட்டையும் ஒன்றா, வங்கிப் பாக்கி ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று. பிறகு வண்டிச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் பெயர் மாற்றத்துக்கான பி5 சோதனை, அங்கே என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் சரிபார்ப்பார்கள். பிறகு விற்கிறவரும் இவரும் சேர்ந்து சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகமான ஜேபிஜே போய் இரண்டு பேரும் கைரேகை வைத்தார்கள். பணத்தின் பெரும்பகுதியை அங்கேதான் கொடுத்தோம். காப்புறுதி இவர் பெயரில். இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்காகப் பழைய சொந்தக்காரருக்குக் காப்புறுதியில் கிடைத்த கழிவு நமக்கு வராது. அது ஆளோடு போவது. நம் கணக்கு சுழியத்திலிருந்து தொடங்கும், ஒரு வருடம் இழப்பீடு கேட்காமல் ஓட்டினால் 25 விழுக்காடு, போகப்போக 55 வரை ஏறும். முதல் வருடம் கொஞ்சம் கூடுதலாக ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வண்டி சின்னது, ஞாயிறு காலை மூன்று நடை போக வேண்டியிருக்கிறது. ஐந்தே முக்காலுக்கே கிளம்புகிறார்.

முதல் ஞாயிறு நானும் கூடப் போனேன். லயத்து முனையில் முருங்கைப் பாட்டி கீரைக் கட்டோடு நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். ஏறவில்லை. "பாஸ்டரம்மா, இந்தக் காடியோட கிராண்டுல யாரு பேரு இருக்கு?" என்று கேட்டார். டேஷ்போர்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர், மலாய் எழுத்து வராது. "இதுல எதும்மா நம்ம பாஸ்டர் பேரு?" என்றார். அவர் விரலைப் பிடித்து அந்த வரியின் மேல் வைத்தேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார், சொன்னேன். பிளாஸ்டிக் உறையின் மேல் வெள்ளையாக ஒரு சுண்ணாம்புப் பொட்டு விழுந்தது. "சரி" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பின்னாடி உட்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்தும்" என்று முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.